கொழும்பு ஆறு எங்கே முடிகிறது? திறந்த வரைபடத்துக்குத் தபால் குறியீடு சேர்த்த அனுபவம்

இலண்டனில் இருக்கும் என் சின்னம்மாவின் மகள், வெள்ளவத்தையில் இருக்கும் தாயாருக்குப் பிறந்தநாள் கேக் அனுப்ப ஓர் இணையக் கடையில் முகவரி நிரப்பிக்கொண்டிருந்தாள். வீட்டு இலக்கம், ஒழுங்கை, ஊர் எல்லாம் சரி. தபால் குறியீடு கேட்கிற கட்டத்தில் 6 என்று போட்டாள், சிவப்புக் கோடு விழுந்தது. 06 என்று போட்டாள், மறுபடியும் சிவப்பு. உடனே எனக்கு ஒரு குரல் பதிவு: "அண்ணா, எங்கட வீட்டுப் போஸ்ட்கோட் என்ன? அம்மாவுக்கும் தெரியாதாம்."

சின்னம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஓட்டோக்காரரிடமும் மருந்துக்கடையிலும் "கொழும்பு ஆறு" என்று தினமும் சொல்கிறவர் அவர். அதையே ஐந்து இலக்கத்தில் எழுதினால் 00600. ஆனால் "சைபர் சைபர் ஆறு சைபர் சைபர்" என்று ஒருவர் வாயால் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. (சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் "கொழும்பு ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்று கேட்டது தனிக்கதை.)

கேக் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் ஓய்வு நேரத்தில், யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒழுங்கைகளும் கடைகளும் குறிக்கிற ஆள். அன்றிரவு எங்கள் ஒழுங்கையைத் திறந்து பார்த்தேன். பெயர் இருந்தது. சில வீட்டு இலக்கங்கள் இருந்தன, அவற்றில் பாதி நானே குறித்தவை. தபால் குறியீடு ஒன்றில்கூட இல்லை.

அங்கே தொடங்கியது இந்த வேலை. வெள்ளவத்தையில் நானும் கணக்காளராக இருக்கும் என் நண்பரும், கொட்டாஞ்சேனையில் ஒரு தோழர், ஜெர்மனியிலிருந்து கணினி வழியாகக் கைகொடுத்த இன்னொருவர். முதல் முறை செய்ததை முழுதாக அழித்துவிட்டு இரண்டாம் முறை செய்தோம். இதே வேலையை வேறு ஊரில் எடுப்பவர்கள் அந்த முதல் முறையைத் தவிர்க்கலாம் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

எண்ணின் கதை

கொழும்பு மாநகருக்குள் 1 முதல் 15 வரை தபால் எண்கள். கோட்டை ஒன்று, கொம்பனித்தெரு இரண்டு, கொள்ளுப்பிட்டி மூன்று, பம்பலப்பிட்டி நான்கு, கறுவாத்தோட்டம் ஏழு, புறக்கோட்டை பதினொன்று, புதுக்கடை பன்னிரண்டு, கொட்டாஞ்சேனை பதின்மூன்று, முகத்துவாரம் பதினைந்து. ஐந்து இலக்கக் குறியீட்டில் இந்த எண்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. நூறால் பெருக்கி, ஐந்து இலக்கம் வரும்வரை முன்னால் சைபர் போட வேண்டியதுதான்: 00100, 00600, 01100, 01500.

மாநகர எல்லையைத் தாண்டினால் கணக்கு மாறிவிடும். கொழும்பு மாவட்டத்தின் மற்றத் தபாலகங்கள் 10 என்று தொடங்குகின்றன. தெஹிவளை 10350, நுகேகொடை 10250, கொலன்னாவை 10600. கம்பஹா மாவட்டத்துக்கு 11. அதனால் வத்தளை 11300. கொலன்னாவையையும் வத்தளையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இலண்டன் தங்கச்சிக்குக் குழப்பம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஒரு தபால் குறியீடு சராசரியாகப் பதினைந்து முகவரிகளுக்குத்தான். குறியீட்டைச் சொன்னால் வீதியின் எந்தத் துண்டு என்பதுவரை தெரிந்துவிடும். இங்கே 00600 என்றால் காலி வீதியின் இரு பக்கமும், மரைன் டிரைவ் வரை இறங்கும் ஒழுங்கைகள் எல்லாமும், உள்ளே பாமன்கடைப் பக்கமும் சேர்ந்த முழு வெள்ளவத்தை. கேக் கொண்டுவந்த பையனுக்கு 00600 ஒரு உதவியும் செய்யவில்லை. அவன் போன் எடுத்து, "அக்கா, கோயில் தாண்டியோ, கோயிலுக்கு முன்னமோ?" என்றுதான் கேட்டான்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? ஒன்று, வெளிநாட்டுப் படிவங்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதில்லை. இரண்டாவது, வரைபடத்தில் தேடும்போது ஒரே பெயரில் பல வீதிகள் வந்து நிற்கின்றன. ஸ்டேசன் வீதி எத்தனை ஊரில் இருக்கிறது? பக்கத்தில் குறியீடு இருந்தால் எது எது என்று பிரியும்.

பிரித்தானியர் செய்தது

இந்த வேலை நமக்கு முன்னே நடந்திருக்கிறது. ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் பிரித்தானியாவில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கிய காலத்தில், அங்கே அரச வரைபடத் தரவையும் தபால் குறியீடுகளின் இடங்களையும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஆனால் அவரவர் வீட்டுக் குறியீடு அவரவர் தலைக்குள் இருக்கிறதே, அதற்கு யார் காசு கேட்பது? 'ஃப்ரீ த போஸ்ட்கோட்' என்ற முயற்சியில் ஆட்கள் ஜிபிஎஸ் கருவியோடு தங்கள் வாசலில் நின்று, காட்டிய இடத்தையும் குறியீட்டையும் எழுதி அனுப்பினார்கள். இன்னொரு குழு காப்புரிமை முடிந்த பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டு, உங்கள் வீட்டைச் சொடுக்கிக் குறியீட்டைச் சொல்லுங்கள் என்றது. கடைசியில் 2010 ஏப்ரல் 1ஆம் திகதி, அரச நில அளவை நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சர்வே ஏறக்குறைய 17 இலட்சம் குறியீடுகளின் இடங்களை 'கோட்-பாயின்ட் ஓப்பன்' என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது.

அங்கே 17 இலட்சம், கொழும்பு மாநகரத்துக்கு வெறும் பதினைந்து. எனவே ஒரு ஞாயிறு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

முதல் சுற்று

ஜெர்மனி நண்பருடைய யோசனை நல்லதாகவே பட்டது. ஜெர்மனியின் திறந்த வரைபடத்தில் தபால் குறியீட்டுப் பகுதிகள் எல்லை கட்டி வரையப்பட்டிருக்கின்றன. இங்கேயும் பதினைந்து எல்லைகளை வரைந்து, உள்ளே விழும் முகவரிகளுக்கெல்லாம் குறியீட்டை நிரப்பிவிடலாம் என்றார்.

வெள்ளவத்தையிலிருந்து தொடங்கினோம். மேற்கே கடல், பிரச்சினையில்லை. தெற்கே தெஹிவளைக் கால்வாய், மாநகர எல்லையும் அதுதான். வடக்கிலும் கிழக்கிலும்தான் கை நின்றது. பம்பலப்பிட்டி எந்த ஒழுங்கையோடு முடிகிறது? உள்ளே போனால் ஹவ்லொக் டவுனும் கிருலப்பனையும் எந்தக் கோட்டில் பிரிகின்றன? வேறு வழி தெரியாமல் வரைபடத்தில் ஏற்கெனவே இருந்த நிர்வாக எல்லைகளைப் பிடித்து, ஒட்டினாற்போல் கோடு இழுத்தோம். எங்கள் முகவரிகளோடு பிறர் குறித்தவற்றிலும் குறியீடு ஏறியது. ஆதாரம் என்ற இடத்தில் 'உள்ளூர் அறிவு' என்று எழுதிப் பதிவேற்றினோம். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சில நாட்களில் அனுபவமுள்ள பங்களிப்பாளர் ஒருவர் எங்கள் மாற்றத்தொகுப்பின் (ஒரே தடவையில் பதிவேற்றிய திருத்தங்களின் கட்டு) கீழே மரியாதையாக ஒரு கேள்வி எழுதினார். இந்த வீடுகளில் எதற்கு முன்னால் நின்று இந்த எண்ணைப் பார்த்தீர்கள்? பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. ஒரு எண்ணை மொத்தமாகப் பல இடங்களுக்கு ஏற்றுவதானால் முன்கூட்டியே மற்றவர்களோடு கதைத்துவிட்டுச் செய்ய வேண்டும் என்பது அந்த வரைபடத்தின் எழுதப்பட்ட விதி. அதையும் நாங்கள் வாசிக்கவில்லை.

இதற்குள் இன்னொரு கூத்து. கொட்டாஞ்சேனைத் தோழர் சேர்த்த பட்டியல், கணக்காளர் நண்பரின் விரிதாள் வழியாக வந்தது. விரிதாளுக்குச் சைபரில் தொடங்கும் எண் என்றால் ஆகாது. 00600 என்று அடித்தால் 600 என்று சுருக்கி வைக்கும். 01300 அங்கே 1300 ஆகிவிடும். சரிபார்க்க உட்கார்ந்த நண்பர், இலங்கைக் குறியீடு ஐந்து இலக்கம் என்று அறிந்தவர், விடுபட்டதை நிரப்பினார். கொழும்பு மாவட்டம் 10 என்று தொடங்கும் அல்லவா? எனவே 600 முன்னால் 10 போட்டார். 1300க்கு ஒரு இலக்கம்தான் குறைவு, அதற்கு 1 போட்டார். வெள்ளவத்தைக் கடைகள் 10600 ஆகிக் கொலன்னாவைக்குப் போய்விட்டன. கொட்டாஞ்சேனைக் கடைகள் 11300 ஆகி வத்தளைக்கு.

பிழையான எண்ணாக இருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இவை இரண்டும் இலங்கையில் உண்மையாகவே உள்ள, ஐந்து இலக்கமும் சரியாக உள்ள குறியீடுகள். எந்தச் சோதனையிலும் மாட்டாது. ஜெர்மனிக்காரர்தான் பிடித்தார். லைப்சிக் நகரத்துக் குறியீடுகள் 04 என்று தொடங்குவதால் அவருக்கு இந்த நோய் பழக்கம். "அந்த நெடுவரிசையை முதலில் எழுத்து வகைக்கு மாத்துங்கோ, அப்புறம் அடியுங்கோ" என்று ஒரே வரியில் முடித்தார்.

எல்லாவற்றையும் திருப்பி எடுத்தோம். ஏற்றியது ஒரு பின்னேரம், இறக்கியது மூன்று இரவு. நடுவில் வேறு ஆட்கள் அதே கடைகளில் திறக்கும் நேரம், தொலைபேசி என்று திருத்தியிருந்தார்கள். அவர்களுடைய வேலை கெடாமல் எங்களுடையதை மட்டும் உருவி எடுப்பது, நூல் சிக்கெடுப்பது போல.

பலகை பார்த்து எழுதுதல்

இரண்டாம் சுற்றுக்கு ஒரே ஒரு விதி வைத்தோம். வாசலில் எழுதியிருப்பதை நாமே பார்த்தால் மட்டும் குறிப்பது. எல்லைக் கோடு கிடையாது. குறியீடு ஒவ்வொரு முகவரியிலும் தனியாக உட்காரும்.

கொழும்பில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கடைப் பலகைகள் பெரும்பாலும் முகவரியைச் சுமந்திருக்கும். மேலே பெரிய எழுத்தில் மூன்று மொழியிலும் பெயர், அடியில் சின்ன எழுத்தில் 'இல. இத்தனை, காலி வீதி, கொழும்பு 06'. பலகையில் இல்லாவிட்டால் பற்றுச்சீட்டில் இருக்கும். ஒரு பிளேன்ரீயும் வடையும் சாப்பிட்டால் ஒரு முகவரி கிடைத்துவிடும். அந்த ஞாயிறுகளில் நாங்கள் தின்ற வடைகளின் கணக்கை வீட்டில் சொல்லவில்லை.

பலகையைப் படம் எடுக்கிறவனைக் கடைக்காரர் சும்மா விடுவாரா? பலசரக்குக் கடை ஒன்றில் ஐயா ஒருவர் தராசை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"என்ன தம்பி, மாநகர சபையோ?"

"இல்லை ஐயா, வரைபடத்துக்கு. கடையும் விலாசமும் போனில வரும்."

"வரி கூட்டமாட்டியள்தானே?"

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இங்கே வீட்டு இலக்கம் என்பதே மாநகர சபை வரிக்காகக் கொடுத்த இலக்கம். பழைய ஆட்கள் இன்னும் 'அசெஸ்மென்ட் நம்பர்' என்றுதான் சொல்வார்கள். ஒரு வளவு பிரிந்தால் 25 என்பது 25/1, 25/2 ஆகும். பிறகு அந்த வளவுகளை உடைத்துத் தொடர்மாடி எழும்பினால் எந்த இலக்கம் மிஞ்சும் என்று கட்டியவருக்குத்தான் வெளிச்சம். குறியீடு எழுதப் போன நாங்கள் இலக்கம் திருத்துவதில்தான் பாதி நேரத்தைச் செலவழித்தோம்.

பலகையும் பொய் சொல்லும் என்பது இரண்டாவது ஞாயிறில் தெரிந்தது. கிளைகள் பல உள்ள ஒரு நிறுவனம் எல்லாக் கிளையிலும் தலைமைக் காரியாலய முகவரியையே அச்சடித்திருந்தது. வெள்ளவத்தைக் கிளையின் பற்றுச்சீட்டில் கொழும்பு 02. இடம் மாறிய கடை ஒன்று பழைய பலகையைக் கழற்றிக்கொண்டுவந்து புதுச் சுவரில் மாட்டியிருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், தெஹிவளைக்குள் இருந்துகொண்டு 'கொழும்பு 06' என்று போட்டிருந்த கடையும் ஒன்று. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொழும்பு என்ற சொல்லுக்கு முகவரியில் ஒரு மதிப்பு இருக்கிறது, ஏழாம் எண்ணுக்கு இன்னும் கூட. மனம் வராவிட்டாலும் அங்கே 00600 என்று குறிக்கவில்லை.

இந்த மாதிரி ஒன்றிரண்டு பிழை இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தேடலுக்குப் பயன்படும் நொமினாட்டிம் என்ற மென்பொருள், ஒரு குறியீடு எழுதப்பட்ட முகவரிகளையெல்லாம் திரட்டி அவற்றின் நடுப்புள்ளியைக் கணக்கிடும். யாராவது குறியீட்டை மட்டும் தேடினால் அந்தப் புள்ளியைக் காட்டும். முகவரிகள் நிறைய இருந்தால் ஒரு பிழை அமுங்கிவிடும். நம் ஊரில் இருப்பதோ கொஞ்சம். எங்கள் பட்டியலை வைத்து மடிகணினியில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். புறக்கோட்டைக்கு நாங்கள் வைத்திருந்த எட்டு முகவரிகளில் ஒன்று பிழையாகத் தெற்கே கிடந்தது. புள்ளி புறக்கோட்டையை விட்டே வெளியே போய் நின்றது.

எடுக்காமல் விட்டவை

வெள்ளவத்தை ஒழுங்கை முகப்புகளில் முகவரி தாராளமாகக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு: மரண அறிவித்தல். பெயர், வீட்டு இலக்கம், ஒழுங்கை, கொழும்பு 06, எல்லாம் அதில் இருக்கும். வீட்டு அலுமாரியில் கிடக்கும் கல்யாண அழைப்பிதழ்களும் அப்படித்தான். கணக்காளர் நண்பர் ஒரு பை நிறைய அழைப்பிதழ் கொண்டுவந்துவிட்டார். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வாசலில் தொங்குகிற எண் ஊருக்குச் சொன்ன எண். துக்கத்துக்காக ஒட்டியதும், எனக்கென்று பெயர் எழுதித் தந்ததும் அந்த வகையில் சேராது. அவர் இன்னும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல தரவு வீணாகிறது என்பது அவர் கட்சி.

கூகுள் மேப்ஸைப் பார்த்து எழுதுவது பற்றி விவாதமே இல்லை, அது கூடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு 2012 செப்டெம்பரிலிருந்து ஓடிபிஎல் என்ற உரிமத்தில் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், விற்கும் பொருளிலும் போடலாம். அப்படி எல்லாருக்கும் கொடுக்கும் பொருளுக்குள் கொடுக்க நமக்கு உரிமையில்லாததைக் கலக்க முடியாது. ஆங்காங்கே இணையத்தில் கிடக்கும் குறியீட்டுப் பட்டியல்களும் இதே காரணத்தால் தள்ளுபடி.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாமே என்றார் கொட்டாஞ்சேனைத் தோழர். நல்ல சட்டம்தான், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். ஆனால் தகவலைத் தெரிந்துகொள்வது ஒன்று, அதைத் திறந்த உரிமத்தில் மறுபடி வெளியிடுவது வேறொன்று. முதலாவது கிடைத்தால் இரண்டாவது தானாகக் கிடைத்துவிடாது. அதை அப்படியே ஒத்திவைத்தோம்.

கோட்டையும் கோட்டேயும்

குறியீட்டோடு ஊர்ப் பெயரையும் தமிழில் எழுதிக்கொண்டு போனது, நினைத்ததை விடப் பெரிய வேலையாகிவிட்டது. கோட்டை 00100, கடலோரம். கோட்டே 10100, ஸ்ரீ ஜயவர்தனபுர. தட்டச்சில் ஒரு எழுத்துப் பிசகினால் ஆள் நாடாளுமன்றப் பக்கம் போய்விடுவார். ஆங்கிலத்தில் 'சீ ஸ்ட்ரீட்' என்று பலகை போட்ட வீதி சிங்களத்தில் 'ஹெட்டி வீதிய', நமக்குச் செட்டியார் தெரு. நகை வாங்க வருகிற எவரும் தமிழில் கடல் வீதி என்று தேடமாட்டார்கள். எங்களுக்கு முன்னே யாரோ ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்த்துத் தமிழ்ப் பெயர் கட்டத்தில் போட்டிருந்த இடங்கள் பல. புதுக்கடையை 'ஹல்ஸ்டொர்ப்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் தோழர் வாய்விட்டுச் சிரித்தார்.

கிருலப்பனை

கடைசியாக அங்கே போனோம். முதல் சுற்றில் கோடு இழுத்துக் கை சுட்ட இடம். கிருலப்பனையை ஐந்து என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆறு என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நேரில் போனால் தெளியும் என்று நம்பிப் போனோம். ஹைலெவல் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சின்ன வீதியில் மருந்துக்கடை 05, அடுத்த சுவரில் தையல் கடை 06, எதிரே இரும்புக்கடை மறுபடியும் 05.

சைக்கிளில் வந்த தபால்காரர் ஒருவரை மறித்துக் கேட்டோம். அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு எண்ணிலும் கடிதம் வருகிறதாம். எண்ணைப் பார்த்து அவர் வீடு தேடுவதில்லையாம், பெயரையும் வீதியையும் பார்த்தால் போதுமாம். நாங்கள் கோடு போட்டுத் தேடியது அவருக்கு அவர் சைக்கிள் போகிற பாதை. நாளைக்கு அந்தப் பாதையை மாற்றினால் கோடும் மாறிவிடும்.

"எது சரி அண்ணை, அஞ்சா ஆறா?" என்று விடாமல் கேட்டார் கணக்காளர் நண்பர். அவருக்கு விரிதாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நித்திரை வராது.

"உங்களுக்கு எது விருப்பமோ அதைப் போடுங்கோ தம்பி, நான் கொண்டுபோய்க் குடுப்பன்" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துப் போனார்.

விருப்பத்துக்குப் போடவில்லை. மருந்துக்கடைக்கு 00500, தையல் கடைக்கு 00600, பலகையில் இருப்பது இருந்தபடியே. இரண்டிலும் பார்த்த திகதியோடு, 'பலகையில் உள்ளபடி, பக்கத்துக் கடையில் வேறு எண்' என்று ஒரு குறிப்பு வைத்தோம். போன வாரம் யாரோ வந்து தையல் கடையை 00500 என்று மாற்றியிருந்தார்கள். ஆதாரம் என்ற இடத்தில் 'உள்ளூர் அறிவு' என்று எழுதியிருந்தது. நான் மாற்றத்தொகுப்பின் கீழே மரியாதையாக ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன்.